இப்போதைக்கு ஒரு குழாய்

யார் வீட்டுக்குப் போனாலும் கை கழுவுகிற சாக்கில் பேசினுக்கு அடியில் குனிந்து பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. "மாமி சாப்பிட வரல்ல, பைப்பப் பாக்கத்தான் வாராங்க" என்று என் மருமகள் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும். சில வீடுகளில் மேலே பேசின் பளபளவென்று இருக்கும்; அடியில் வரிவரியான பிளாஸ்டிக் குழாய் ஒன்று தொய்ந்து தொங்கும். அந்த வரிகளில் தலைமுடியும் சோப்பு அழுக்கும் சேர்ந்து ஒரு வாடை வரும். வேறு சில வீடுகளில் விறைப்பான குழாய், நேராக இறங்கி நேராகச் சுவருக்குள் போய்விடும். எது நல்லது என்று கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. ஒரு காலத்தில் மூக்குக்கு மேல் கோபத்தோடு உடனே பதில் சொன்னேன். அதன் பலனாக ஒரு பிள்ளை பிறக்க வேண்டிய இடத்தையே கெடுத்துவிடப் பார்த்தேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சபரகமுவ மலைப்பக்கம், ஓப்பநாயக்கவுக்கு மேலே, கீழ்ப்பாதி ரப்பரும் மேல்பாதி தேயிலையுமாக இருந்த ஒரு தோட்டத்தில் மருத்துவச்சி வேலை. லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த தோட்டத்து ஆட்களுக்கு நான் 'மிஸ்ஸி'. தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டு ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. வெள்ளைக்காரத் துரை போய்ச் சிங்களத் துரை வந்திருந்தார். கடைகளில் வெளிநாட்டுச் சாமான் எதுவும் கிடைக்காத காலம்.

அந்த நேரத்தில்தான் புதிதாக ஓர் உத்தரவு வந்தது. லயத்துக் காம்பராவில் இனிமேல் பிரசவம் பார்க்கக் கூடாது, வலி எடுத்தால் டவுன் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் போவதற்கு இருந்தது தோட்டத்து லொறி ஒன்றுதான். அதுவும் கொழுந்து ஏற்றாத நேரமாகப் பார்த்து வலி எடுக்க வேண்டும்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற ஒரு பெண்ணை அப்படித்தான் லொறியில் ஏற்றிக்கொண்டு போனேன். அவளுக்கு அது தலைப்பிரசவம். நல்ல மழை. பாதி வழியில் ஓடை பெருகி ரோட்டின் மேல் ஓடியது, லொறி நின்றுவிட்டது. வெற்றுச் சாக்குகளுக்கு நடுவில், என் கையில்தான் அந்தப் பிள்ளை பிறந்தது. கை கழுவ மழைத்தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை. தண்ணீர் வடிந்து லொறி கிளம்புவதற்குள் பிள்ளையின் மூச்சு நின்றுபோனது. பிறப்பு அறிக்கைப் படிவத்தில் 'பிறந்த இடம்' என்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தில் 'வழியில்' என்று எழுதினேன். வேறென்ன எழுதுவது?

அடுத்த வருஷம் அவள் மறுபடியும் உண்டாகியிருந்தாள். வயிறு தெரிய ஆரம்பித்த நாளில் டிஸ்பென்சரி வாசலில் வந்து நின்றாள்.

"மிஸ்ஸி, இந்த வாட்டி என்னய லொறியில மட்டும் ஏத்திறாதீங்க."

"ஏத்த மாட்டேன்" என்றேன். யோசிக்கவே இல்லை. சொன்ன பிறகுதான் பிரசவத்தை எங்கே வைத்துப் பார்ப்பது என்று இடம் தேட ஆரம்பித்தேன்.

டிஸ்பென்சரிக்குப் பின்பக்கம் ஓர் அறை சும்மா கிடந்தது. அதை ஒட்டிச் சின்னதாக ஒரு குளியலறையும் இருந்தது. அதைப் பிரசவ அறையாக்கலாம் என்று மருந்து கொடுப்பவரிடம் போய்ச் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். லயத்தில் எல்லோரும் அவரை டொக்டரையா என்பார்கள். அதிர்ந்து பேச மாட்டார். சட்டை எப்போதும் கஞ்சி போட்டு விறைப்பாக இருக்கும். நான் சொன்னதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். மாவட்ட வைத்திய அதிகாரிக்கு அன்றைக்கே ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். பதில் சீக்கிரமே வந்தது. சுத்தமான கட்டில் வேண்டும், வெந்நீர் வேண்டும், குளியலறையில் கை கழுவும் பேசின் வேண்டும், கழுவிய தண்ணீர் தரையில் ஓடாமல் மூடிய குழாய் வழியாக வெளியே போக வேண்டும். இவ்வளவும் இருந்தால் அனுமதி தரலாம், நானே நேரில் வந்து பார்க்கிறேன் என்று நாளும் குறித்திருந்தார். நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அவர் வருவதற்கும் அவளுக்கு நாள் ஆவதற்கும் நடுவில் இரண்டு வாரம் இருந்தது.

கட்டிலும் வெந்நீரும் பெரிய காரியமில்லை. பேசினைத் துரை தந்தார். பங்களாவில் விருந்தாளிகளுக்கென்று ஒரு குளியலறை இருந்தது. விருந்தாளிகள் வருவது நின்று எத்தனையோ காலம். இரண்டு பேர் போய்க் கடப்பாரையால் பேசினைக் கழற்றி, டிஸ்பென்சரி ஸ்ட்ரெச்சரிலேயே படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வழியில் பார்த்தவர்கள் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறிப் பின்னாலேயே ஓடி வந்தார்கள்.

இனி வேண்டியது பேசினுக்கு அடியில் வைக்கும் குழாய். அதில்தான் என் பெரிய தலையை நுழைத்தேன்.

தோட்டத்துக்குச் சாமான் வேண்டுமானால் இண்டன் எழுத வேண்டும். அதாவது இன்னின்ன வேண்டும் என்று மேலிடத்து ஸ்டோருக்கு அனுப்பும் பட்டியல். முன்பு அது ஆங்கிலத்தில் போகும். அந்த வருஷம் சிங்களத்தில் எழுதச் சொல்லிவிட்டார்கள். டொக்டரையாவுக்குச் சிங்களம் பேச்சளவில்தான். நான் அரநாயக்கப் பக்கத்தில் நாலு பக்கமும் சிங்களக் கிராமம் சூழ்ந்த ஒரு குட்டித் தோட்டத்தில் வளர்ந்தவள். எழுத்து வாசிப்பெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

"பேசின் ட்ராப் ஒண்டு எண்டு எழுதும், பிள்ளை. நாலடி இரும்புக் குழாயும்" என்றார் அவர்.

பேசினுக்கு அடியில் வளைந்து நிற்குமே, அந்த வளைவுக்குப் பெயர் ட்ராப். அதில் எப்போதும் ஒரு மடக்குத் தண்ணீர் தங்கி நிற்கும். வெளியே சாக்கடைக் கானிலிருந்து வருகிற நாற்றத்தையும் பூச்சிகளையும் அது உள்ளே விடாது. எனக்கு அன்றைக்கு இதெல்லாம் தெரியாது. ட்ராப் என்றால் பொறி, பொறிக்குச் சிங்களத்தில் 'உகுல'. அழகான கையெழுத்தில் 'பேசினுக்கு உகுல ஒன்று' என்று எழுதிக் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்துப் பெட்டி வந்தது. குழாய் கையிருப்பில் இல்லை என்று ஒரு துண்டு. அதற்கடியில், வைக்கோலில் பத்திரமாகச் சுற்றி, ஓர் எலிப்பொறி. சாதாரணப் பொறி இல்லை. பூனையே மாட்டிக்கொள்ளும் அளவுக்குக் கம்பிக்கூடு.

டொக்டரையா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கதவைத் திறந்தார், மூடினார். "நல்ல ஸ்ட்ரோங்கான சாமான்தான்" என்றார். சிரிக்கக்கூட இல்லை, சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பேசினை மாட்டுவதற்குக் கீழேயுள்ள கிராமத்திலிருந்து ஒரு பாஸ் வந்திருந்தார். கொத்து, மரம், குழாய் எல்லா வேலையும் தெரிந்தவர்களை அங்கே பாஸ் என்றுதான் சொல்வோம். அவர் எலிப்பொறியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"அனே மிஸ்ஸி, அதுக்கு சிங்களத்திலயும் ட்ராப் எக தான். நாங்களும் ட்ராப்புன்னுதான் சொல்றது. யார்கிட்டயாவது கேக்கக் கூடாதா?"

கேட்கத்தான் வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லையே. அந்த வாரம் முழுதும் நான் போகிற வழியில், "மிஸ்ஸி, எலி மாட்டுச்சுங்களா?" என்று குரல் வரும். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நடப்பேன். கேலியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். போன மூன்று வாரத்தை யார் தருவது? மறுபடி இண்டன் எழுதினால் மறுபடியும் மூன்று வாரம். வைத்திய அதிகாரி வருவதற்கு இருந்ததோ பதினேழு நாள்.

அன்று பின்னேரம் டொக்டரையா ரப்பர் ஃபெக்டரியிலிருந்து ஒரு சுருள் ஹோஸ் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். பால் இறைக்கப் பயன்படுகிற தடித்த கறுப்பு ஹோஸ். பேசினின் வாயில் ஒரு முனையைச் சொருகி, மறுமுனையை ஜன்னல் வழியாகக் கானில் விட்டால் வேலை முடிந்தது என்றார்.

"இப்போதைக்கு இது காணும், பிள்ளை."

யாழ்ப்பாணத்தார் 'போதும்' என்பதைத்தான் 'காணும்' என்பார்கள். எனக்குக் 'காணும்' உறைக்கவில்லை. 'இப்போதைக்கு'தான் சுட்டது.

அந்தச் சொல் எனக்கு ஆகாது. நான் பிறந்து வளர்ந்த லயம் இப்போதைக்கு என்று கட்டினது. கூரைத் தகரத்தின் மேல் இப்போதைக்கு என்று கல் வைத்திருந்தார்கள், அந்தக் கல்லில் பாசி பிடித்துப் புல்லும் முளைத்திருந்தது. பள்ளிக்கூடம் இப்போதைக்குக் கொழுந்து நிறுக்கிற பழைய மடுவத்தில் நடந்தது. நான் படித்து முடிக்கும்வரை அங்கேதான் நடந்தது. எங்களுக்கென்று ஒன்று கொடுக்கும்போதெல்லாம் அந்தச் சொல்லையும் சேர்த்தே கொடுப்பார்கள்.

"ஏன் ஐயா இப்போதைக்கு? இரும்புலயே போட்டா என்னங்க?"

"பாதிச் சனம் இந்தியாவுக்குப் போக எழுதிக் குடுத்திட்டு நிக்குது. வாற வருசம் ஆர் இருப்பினம், ஆர் போவினம் எண்டு ஆருக்குத் தெரியும்? இரும்புக் குழாய் ஆருக்கு, பிள்ளை?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பால் வெட்டுகிறவளின் புருஷனும் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தான். அவர்களுடைய கடுதாசி எந்த ஒப்பீஸில் எந்த மேசையில் கிடந்ததோ. ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போறவங்க போகட்டுங்க ஐயா. பொறக்கிற பிள்ள இங்கதானேங்க பொறக்குது? நான் இரும்புக் குழாய்தான் போடுவேன். இந்த ஹோஸக் கொண்டுபோயி மாட்டக் கழுவச் சொல்லுங்க."

அவர் ஹோஸைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். கஞ்சி போட்ட முதுகு மட்டும் தெரிந்தது. வயதில் மூத்தவரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று அப்போதே தெரிந்தது. ஆனாலும் வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்கவில்லை.

வீட்டுக்கு நடந்து போகிற வழியில்தான் அந்த யோசனை வந்தது. பங்களாவில் அந்தப் பேசின் சும்மா நின்றிருக்காதே, அதற்கும் அடியில் ஒரு குழாய் இருந்திருக்குமே! பேசினைக் கழற்றியவர்கள் கடப்பாரையோடு போனவர்கள். குழாயைப் பற்றி அவர்களுக்கு என்ன? மறுநாள் காலையில் துரையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு பாஸையும் இழுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போனேன்.

இருந்தது! சுவரிலிருந்து நீட்டிக்கொண்டு, வெள்ளைக்காரன் போட்ட பித்தளை வளைவு, அதன் பின்னால் இரும்புக் குழாய். பாஸ் தன் சாரத்து முனையால் வளைவைத் துடைத்தார். தங்கம் மாதிரி மின்னியது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கழற்றியதை நானே தோளில் போட்டுக்கொண்டு டிஸ்பென்சரிக்கு நடந்தேன். பாஸ் எவ்வளவு கேட்டும் கொடுக்கவில்லை.

மாட்டும்போது ஒரு சிக்கல் வந்தது. பேசினின் வாயும் சுவர் ஓட்டையும் நேருக்கு நேர் இல்லை. இரண்டு விரல் தள்ளி இருந்தது. நெளிகிற குழாய் என்றால் அதுவே வளைந்து போய்ச் சேர்ந்துவிடும். இரும்புக்கு அந்தத் தயவெல்லாம் கிடையாது. பாஸ் சுவரைத் தட்டிப் பார்த்தார், தரையைத் தட்டிப் பார்த்தார், பின்பக்கம் போய்ச் சரிவைப் பார்த்துவிட்டு வந்தார்.

"பித்திய அவிதினவா, மிஸ்ஸி."

எனக்கு விளங்கவில்லை என்று நினைத்துத் தமிழிலும் சொன்னார்: "சுவர் நடக்குது. இது மண்ணு போட்டு நெரப்பின எடம். மழைக்குச் சுவர் கீழ இறங்கும், வெயிலுக்கு நிக்கும். ஓட்டை அந்தச் சுவர்ல, பேசின் இந்தச் சுவர்ல. ரெண்டும் ரெண்டு பக்கம் போகும். நடுவுல ஹோஸ் போடுங்க."

"ஹோஸ் வேணாம். இரும்புதான்."

"மிஸ்ஸி, நான் சொல்றது…"

"பாஸ், இரும்பு."

பாஸ் தீ மூட்டினார். குழாயைச் சூடாக்கிக் கொஞ்சம் வளைத்தார். திருகும் இடங்களில் சணல் நூலும் பெயின்ட்டும் சுற்றி இறுக்கினார். சுவரில் சிமெந்து வைத்துப் பூசினார். முடிந்ததும் நான் பைப்பைத் திறந்தேன். தண்ணீர் சுழன்று இறங்கி, வளைவில் ஒரு முறை 'களுக்'கென்று விழுங்கி, வெளியே கானில் போய் விழுந்தது. ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. திறப்பதும் மூடுவதுமாகப் பத்துத் தடவையாவது நான் அந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பேன். பால் வெட்டுகிறவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கையிலிருந்த ரப்பர்ப் பால் பிசுக்கை அதில் கழுவிவிட்டு, "எம்மாம் பெரிய ஏனம்!" என்று சிரித்தாள்.

பிறகு மழை பிடித்தது. சபரகமுவ மழையைச் சொல்ல வேண்டியதில்லை. பிடித்தால் ஊரையே ஊறப்போட்டுவிடும். நாலாம் நாள் காலையில் கை கழுவப் போனபோது பேசினுக்குள், தண்ணீர் இறங்கும் ஓட்டைக்குப் பக்கத்தில், ஒரு தலைமுடி ஒட்டிக்கொண்டிருந்தது. பெருவிரலால் தள்ளினேன். போகவில்லை. நகத்தால் சுரண்டினேன். அப்போதும் போகவில்லை. அது முடி இல்லை, விரிசல்.

குனிந்து அடியில் பார்த்தேன். சுவர் மழைக்குக் கீழே இறங்கியிருக்கிறது. இறங்கும்போது இரும்புக் குழாயையும் இழுத்திருக்கிறது. குழாய் பேசினை இழுத்திருக்கிறது. இன்னும் இரண்டு நாள் மழை பெய்தால் பேசின் பிளந்துவிடும். தோட்டத்தில் வேறு பேசின் கிடையாது. அதிகாரி வருவதற்கு ஐந்து நாள். எல்லாம் என் பிடிவாதத்தால் வந்தது. இதில் சுவரையோ மழையையோ நான் குற்றம் சொல்ல முடியாது.

ஆள் அனுப்பியதும் பாஸ் மழையோடு மழையாக வந்தார். குனிந்து பார்த்தார். நான் சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், அவர் சொல்லவில்லை.

"ஒரு சாண் ஹோஸ் வேணும், மிஸ்ஸி. ஒரு சாண் போதும்."

ஹோஸ் யாரிடம் இருக்கிறது? மாட்டைக் கழுவச் சொன்னேனே, அவரிடம்தான். டிஸ்பென்சரியின் முன்பக்கம் போனேன். டொக்டரையா மருந்துப் போத்தல்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். பேசினில் விரிசல் விட்டதையும், அது என் பிடிவாதத்தால் ஆனதையும், அன்றைக்குப் பேசினது தப்பு என்பதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். ஹோஸ் வேண்டும் என்பதைக் கடைசியில்தான் சொல்ல முடிந்தது.

அவர் அலுமாரியைத் திறந்தார். சுருள் அப்படியே இருந்தது. மாட்டுக்கும் போகவில்லை, ஃபெக்டரிக்கும் திரும்பவில்லை. எடுத்து என் கையில் வைத்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்டார்:

"இப்போதைக்கோ, பிள்ளை?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "ஆமாங்க ஐயா, இப்போதைக்குத்தான்" என்றேன். அன்றைக்குத்தான் அவர் சிரித்து நான் முதன்முதலாகப் பார்த்தேன். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை.

பாஸ் இரும்புக் குழாயை நடுவில் அறுத்தார். பித்தளை வளைவை மேலேயே விட்டார். சுவருக்குள் போகிற இரும்பையும் விட்டார். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் ஹோஸைச் சொருகி, இரண்டு பக்கமும் கம்பி சுற்றி முறுக்கினார். தொய்ந்து தொங்க முடியாத அளவுக்குக் குட்டையாக, அழுக்குத் தங்க வரிகள் இல்லாத வழவழப்பான ஹோஸ். விரிசலின் மேல் வெள்ளைச் சிமெந்தைக் குழைத்து விரலால் தேய்த்தார்.

"இப்ப சுவர் நடந்தாலும் பேசின் நடக்காது" என்றார். அதன் பிறகு சுற்றுமுற்றும் பார்த்து, மூலையில் கிடந்த எலிப்பொறியைக் கொண்டுவந்து ஹோஸுக்கு நேர்கீழே வைத்தார். "எலிக்கு ரப்பர்னா உசுரு. இப்ப நீங்க எழுதின உகுலவுக்கும் வேலை வந்திருச்சி."

நான் அந்த ஹோஸைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன். நெளிகிறது என்றாலே நிலைக்காதது என்று நான் முடிவுகட்டி வைத்திருந்தேன். இங்கே பேசினை நிலைக்க வைத்ததே அதுதான். என் கோபம் நியாயமானது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அதைக் குழாயின் மேல் காட்டியது முட்டாள்தனம்.

குறித்த நாளில் வைத்திய அதிகாரி வந்தார். கட்டிலைப் பார்த்தார், வெந்நீர்ப் பானையைப் பார்த்தார், பேசினில் தன் கையையே சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினார். பிறகு கால்சட்டையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு என்னைப் போலவே குனிந்து அடியில் பார்த்தார். ஹோஸைப் பிடித்து ஆட்டினார்.

"இது என்ன?" என்று எலிப்பொறியைக் காட்டி ஆங்கிலத்தில் கேட்டார்.

"ட்ராப், சேர்" என்றார் டொக்டரையா. "மேல ஒண்டு, கீழ ஒண்டு. இண்டனில எழுதினபடி."

அதிகாரிக்கு அந்தக் கேலி விளங்கவில்லை, நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் ஹோஸைக் காட்டி என்னிடம் சிங்களத்தில் கேட்டார்: "மேக தாவகாலிகத?" இது தற்காலிகமா என்று அர்த்தம். இந்தத் தடவை சொல்லில் எனக்குக் குழப்பம் இல்லை. இல்லை சேர், இந்தச் சுவர் மழைக்கு நடக்கும், முழுக்க இரும்பு போட்டால் பேசினை இழுத்து உடைத்துவிடும், ஒருமுறை உடைக்கப் பார்த்தது, அதனால்தான் யோசித்து இப்படிப் போட்டிருக்கிறோம் என்று விரிசலையும் தொட்டுக் காட்டிச் சொன்னேன். மறைத்திருக்கலாம், மறைக்க மனம் வரவில்லை.

அவர் சுவரைப் பார்த்தார், பேசினைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். மேசையில் உட்கார்ந்து குறிப்புப் புத்தகத்தில் எழுதினார். மூன்று மாதத்துக்கு அனுமதி, தாவகாலிக.

அந்தச் சொல்லைப் பார்த்ததும் பழைய கோபம் ஒரு கணம் எட்டிப் பார்த்தது. வெளியே வாங்குப் பலகையில் அவள் உட்கார்ந்திருந்தாள், வீங்கின காலை நீட்டிக்கொண்டு, உள்ளே என்ன நடக்கிறதோ என்று கதவையே பார்த்தபடி. மூன்று மாதம் எங்களுக்குத் தாராளம். நான் அந்தப் புத்தகத்தை வாங்கிக் கும்பிடாத குறையாக மேசையில் வைத்தேன். வெளியே போய் அவளிடம், "லொறி இல்ல" என்றேன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மூன்று மாதம் முடிந்தபோது யாரும் வந்து பார்க்கவில்லை. அனுமதியைப் புதுப்பிக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. எண்பத்திரண்டில் நான் கல்யாணமாகி அங்கிருந்து போகும்வரை அந்த அறை இப்போதைக்கு என்றே நடந்தது. ஹோஸை மட்டும் பாஸ் அவ்வப்போது வந்து மாற்றிவிட்டுப் போவார். பொறியில் எலிகளும் மாட்டின.

அவளுக்கு வலி எடுத்தது ஒரு காலை நேரத்தில், பால் நிறுத்து முடிந்த கையோடு. அதிகாரி வந்துபோய் ஒன்பதாம் நாள். காலையில் ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்தில் யாரோ கத்த, அவள் புருஷன் பழைய ஞாபகத்தில் லொறியைக் கூப்பிட ஓடிவிட்டான். லொறி உறுமிக்கொண்டு டிஸ்பென்சரி வாசலில் வந்து நின்றது. நான் படியில் நின்று, "நிப்பாட்டு! லொறி வேணாம், கொழுந்து ஏத்தப் போ!" என்று கத்தினேன். தோட்டம் முழுக்கக் கேட்டிருக்கும். லொறி திரும்பிப் போகிற சத்தத்தைக் கேட்டதும் கட்டிலில் கிடந்தவள் வலியோடு வலியாகச் சிரித்தாள்.

நான் போய்க் கையைக் கழுவினேன். சோப்புப் போட்டு, முழங்கைவரை, அந்த அதிகாரி கழுவினதுபோல. தண்ணீர் சுழன்று இறங்கி வளைவில் களுக்கென்றது. வெளியே மழை தொடங்கியிருந்தது. சுவர் தன்பாட்டுக்கு நடந்திருக்கலாம். பேசின் அசையவில்லை. மத்தியானத்துக்குள் பிள்ளை பிறந்துவிட்டது. பொம்பளைப் பிள்ளை; பிறந்த உடனேயே குரல் கொடுத்தது. எனக்குக் கண் கலங்கி, கொப்பூழ்க்கொடியில் போட்ட முடிச்சே மங்கலாகத் தெரிந்தது. கதவுக்கு வெளியே டொக்டரையா, "சுகமே, பிள்ளை? ரெண்டு பேரும் சுகமே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிள்ளையே அழுது பதில் சொன்னது.

எல்லாம் முடிந்து மறுபடி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு படிவத்தை எடுத்தேன். அவள் பிள்ளையை மார்போடு அணைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் கட்டம் எதுவென்று தெரியும். போன தடவை நான் எழுதும்போதும் பக்கத்தில்தான் இருந்தாள்.

"மிஸ்ஸி, பொறந்த எடம்னு என்னங்க எழுதுறீங்க?"

தோட்டத்தின் பெயரை எழுதினேன். அதன் பக்கத்தில் 'பிரசவ அறை' என்று எழுதினேன். எழுதியதை அவளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். இன்னொரு வாட்டி வாசிங்க மிஸ்ஸி என்றாள். வாசித்தேன்.